“என் பாலில் சத்து இல்லையா சிஸ்டர்?” – தாய்ப்பால் ஹார்மோன்களும் குழந்தையின் எடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதன்கிழமை எங்கள் துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். கோபிச்செட்டிபாளையத்துக்கும் சத்தியமங்கலத்துக்கும் இடையில், வாய்க்கால் தண்ணீரில் நெல்லும் வாழையும் விளைகிற ஊர்கள் எங்களுடையவை. ஊசி போட இரண்டு நிமிடம் போதும். அதன்பின் வேப்பமரத்தடியில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அம்மாக்கள் கேட்கிற கேள்விகளுக்குத்தான் நேரம் போகும். முன்பெல்லாம் பால் போதுமா, போதாதா என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்போது கைப்பேசியில் பார்த்துவிட்டு “லெப்டின்” என்கிறார்கள், “கார்ட்டிசால்” என்கிறார்கள். ஒரே பதிலை நூறு முறை சொன்ன பிறகு எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்ப்படியே வைத்திருக்கிறேன். எங்கள் ஊர் “ங்க”வை மட்டும் பல இடங்களில் எடுத்துவிட்டேன்.

1. தாய்ப்பாலில் ஹார்மோன் இருக்கிறது என்கிறார்களே, நிஜமா சிஸ்டர்?

நிஜம்தான். யாரும் கலப்பதில்லை, இயற்கையிலேயே இருக்கிறது. ஹார்மோன் என்பது உடம்பில் ஓரிடத்தில் சுரந்து, இரத்தத்தோடு போய், வேறோரிடத்துக்குச் சேதி சொல்கிற பொருள். தாயின் இரத்தத்திலிருந்து சில ஹார்மோன்கள் பாலுக்குள் வந்து சேருகின்றன. சிலவற்றை மார்பிலுள்ள பால் செல்களே உண்டாக்குகின்றன.

இன்சுலின், லெப்டின், அடிபோனெக்டின், கிரெலின், கார்ட்டிசால், மெலடோனின், தைராய்டு ஹார்மோன்கள், இவற்றோடு செல்களை வளரச் சொல்கிற வளர்ச்சிக் காரணிகள் என்று பட்டியல் நீளம். பெயர்களை மனப்பாடம் செய்ய வேண்டாம். வேண்டியது வரும்போது கீழே சொல்கிறேன்.

2. துளிக்கும் குறைவான அளவுதானே? வயிற்றில் போனால் செரித்துவிடாதா?

நல்ல கேள்வி. இவை நானோகிராம் கணக்கில் அளக்கப்படுகின்றன. ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்குதான் ஒரு நானோகிராம். பெரியவர் ஒருவர் இந்தப் பாலைக் குடித்தால் அதிலுள்ள புரத ஹார்மோன்கள் பெரும்பாலும் வயிற்றிலேயே சிதைந்துபோகும்.

பிறந்த குழந்தையின் வயிறு வேறு மாதிரி. அமிலம் குறைவு, புரதத்தைச் சிதைக்கும் நொதிகளும் முழு வேகத்துக்கு வந்திருக்காது, குடல் சுவரும் இன்னும் இறுகியிருக்காது. அதனால் ஒரு பகுதி சிதையாமல் குடல்வரை போகிறது. இன்சுலினும் வளர்ச்சிக் காரணிகளும் இரத்தத்தில் கலந்தால்தான் வேலை செய்யும் என்றில்லை. குடலின் உள்தோலைத் தொட்டே அதை முதிரச் செய்கின்றன. அளவு சிறியது என்பதால் வேலை இல்லை என்று சொல்லிவிட முடியாது. அதே நேரம், குழந்தையின் எடையே இதன் கையில்தான் என்று சொல்வதும் மிகை.

3. பால் சுரப்பதே ஹார்மோனால்தானே? அதுவும் இதுவும் ஒன்றா?

இரண்டும் வேறு. பாலைச் சுரக்க வைப்பவை தாயின் இரத்தத்தில் வேலை செய்கின்றன. எங்கள் பக்கத்தில் பவானிசாகர் அணையைக் காட்டித்தான் விளக்குவேன். அணைக்கு நீர்வரத்து மாதிரி புரோலாக்டின்: பாலை உண்டாக்குவது அது. மதகைத் திறக்கிற கை மாதிரி ஆக்சிடோசின்: உண்டான பாலை வெளியே தள்ளுவது அது. அணை நிறைந்திருந்தாலும் மதகு திறக்காவிட்டால் வாய்க்காலில் தண்ணீர் வராது. “மார்பு கல்லாக இருக்கிறது, பால் மட்டும் வரவில்லை” என்று அழுகிற பெண்களுக்குப் பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

இன்னொரு விஷயம். மார்பில் பால் தேங்கி நின்றால், போதும் நிறுத்து என்று மார்பே தனக்குச் சொல்லிக்கொள்கிறது. குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் சுரப்பு. நாளுக்கு 8 முதல் 12 முறை, அதிலும் இரவில் கட்டாயம். புரோலாக்டின் இரவில்தான் அதிகம் ஏறும். இந்தப் பதிலைப் பின்னால் பலமுறை சுட்டிக்காட்டப் போகிறேன், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

4. முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடு என்கிறார் ஆத்தா. மஞ்சளாக, பிசுபிசுவென்று இருக்கிறது.

மாடு கன்று போட்டால் சீம்பாலுக்கு வீட்டில் எத்தனை போட்டி! வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைத்து, துண்டு போட்டு, பக்கத்து வீட்டுக்கும் கிண்ணத்தில் கொடுத்தனுப்புவோம். பெற்ற பிள்ளைக்கு மட்டும் சீம்பால் ஆகாது என்றால் என்ன நியாயம்?

வளர்ச்சிக் காரணிகள் மிகச் செறிவாக இருப்பது சீம்பாலில்தான். அவற்றில் ஒன்று தோல், குடல் செல்களை வளரச் சொல்வது. அதைக் கண்டுபிடித்த ஸ்டான்லி கோஹனுக்கு 1986இல் நோபல் பரிசு கிடைத்தது. குடலுக்கு முதல் பூச்சு போடுவது போன்ற வேலை அது. நோய் எதிர்ப்புப் புரதங்களும் அதில்தான் அதிகம். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் மார்பில் போடுங்கள். சேனை தொட்டு வைப்பது, சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். பாட்டிமாரிடம் நான் சண்டை போடுவதில்லை, சீம்பால் கதையைத்தான் சொல்வேன். பாதிப் பேர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வார்கள்.

5. பக்கத்து வீட்டுக் குழந்தை கொழுகொழுவென்று இருக்கிறது. என் பாலில் சத்து இல்லையா?

அதிகம் வருகிற கேள்வி இது. கேட்கிறவள் கண்ணில் தண்ணீர் இருக்கும், பின்னால் மாமியார் நின்றிருப்பார். போன வருடம் ஒருத்தி வந்தாள். குழந்தைக்கு மூன்றரை மாதம். போன மாதத்தைவிட எடை கொஞ்சம்தான் ஏறியிருக்கிறது என்று வீட்டில் ரகளை. பவுடர் பால் டப்பாவும் வாங்கியாகிவிட்டது. வளர்ச்சி அட்டையைப் பார்த்தேன், குழந்தையைப் பார்த்தேன், கணக்கு உதைத்தது. விசாரித்தால் போன மாதம் எடை போட்டபோது வெள்ளி அரைஞாண் கொடி, இரண்டு காப்பு, தண்டை, கம்பளிச் சட்டை, ஈரமான துணி எல்லாம் சேர்த்துத் தொட்டில் தராசில் போட்டிருக்கிறார்கள். இந்த மாதம் வெறும் உடம்போடு. அத்தனையையும் மறுபடி மாட்டி எடை போட்டோம். முள் 400 கிராம் ஏறியது. குழந்தை ஒழுங்காகத்தான் வளர்ந்திருந்தது.

கணக்கு இதுதான். பிறந்த முதல் சில நாட்களில் எடை 7 முதல் 10 சதவீதம்வரை குறையலாம். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதம் நாளுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம். அடுத்த மூன்று மாதம் அதைவிடக் குறைவு. ஐந்தாறு மாதத்தில் பிறந்த எடை இரட்டிப்பாகும், ஒரு வயதில் மும்மடங்காகும். நாளுக்கு ஆறு முறைக்குமேல் சிறுநீர் போகிறதா, அட்டையில் கோடு மேல்நோக்கிப் போகிறதா, அவ்வளவுதான் பார்க்க வேண்டும். பக்கத்து வீட்டுக் குழந்தை அளவுகோல் ஆகாது.

அட்டையிலுள்ள வளர்ச்சிக் கோடுகள் 2006இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்டவை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் குடித்து வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டவை. அதற்கு முன்பிருந்த அளவுகோலில் புட்டிப்பால் குழந்தைகள் நிறைய இருந்ததால், நன்றாக வளர்கிற தாய்ப்பால் குழந்தைகூட நாலாம் மாதத்துக்குமேல் பின்தங்குவதுபோலத் தெரிந்தது. கோளாறு பாலில் இல்லை, கோட்டில் இருந்தது.

6. லெப்டின் பசியை அடக்குமாமே? அது பாலில் இருந்தால் குழந்தை பசியில்லாமல் இளைத்துவிடாதா?

லெப்டின் 1994இல் கண்டறியப்பட்டது. உடம்பின் கொழுப்பு செல்கள் சுரந்து, “கையிருப்பு போதும்” என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன். மூன்று ஆண்டு கழித்து, 1997இல், அது தாய்ப்பாலிலும் இருப்பது தெரியவந்தது. எதிர்த்திசையில் இழுக்கிற கிரெலினும் பாலில் உண்டு. பசிக்கிறது என்று சொல்வது அது. 1999இல் ஜப்பானியர்கள் கண்டுபிடித்தார்கள். அடிபோனெக்டின் லெப்டினைவிடப் பல மடங்கு அதிகமாகப் பாலில் இருக்கிறது; சர்க்கரையையும் கொழுப்பையும் உடம்பு எப்படிக் கையாளுகிறது என்பதில் அதற்குப் பங்குண்டு.

எலிக்குட்டிகளுக்குப் பால்குடிப் பருவத்தில் லெப்டினை வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். வளர்ந்தபின் அவை எளிதில் பருமனாகவில்லை. மனிதக் குழந்தைகளிலோ, பாலில் லெப்டின் கூடுதலாக இருந்தால் எடை சற்று நிதானமாக ஏறுகிறது என்று சில ஆய்வுகள் காட்டுகின்றன. தொடர்பே தெரியவில்லை என்று வேறு சில ஆய்வுகள். பாலால் எந்தக் குழந்தையும் பசி மறந்து இளைத்துப் போவதில்லை. பசித்தால் குடிப்பது, நிறைந்தால் வாயை எடுப்பது என்கிற பழக்கத்துக்கு இந்த ஹார்மோன்கள் துணை நிற்கக்கூடும் என்பதே இன்றைக்கு நியாயமாகச் சொல்லக்கூடியது. குழந்தை இளைத்தால் லெப்டினைத் தேடாதீர்கள். வாய் சரியாகப் பற்றியிருக்கிறதா, மார்பு காலியாகிறதா என்று பாருங்கள்.

7. நான் குண்டாக இருக்கிறேன். என் பாலைக் குடித்தால் குழந்தையும் குண்டாகிவிடுமா?

கொழுப்பு கூடுதலாக உள்ள தாயின் பாலில் லெப்டினும் இன்சுலினும் சற்று அதிகம் இருப்பது உண்மை. அதை வைத்துக் குழந்தை பெருத்துவிடும் என்று யாரும் சொல்ல முடியாது. காரணம் மேலே சொன்னதுதான். எடை அதிகமுள்ள சிலருக்குப் பால் முழுதாக இறங்க ஒன்றிரண்டு நாள் தாமதமாகலாம். அந்த நாட்களில் பயந்து புட்டியைக் கையில் எடுத்துவிடுவதுதான் நடக்கிற தவறு. அடிக்கடி மார்பில் போடுங்கள், மடியில் தோலோடு தோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

8. பவுடர் பாலிலும் எல்லாம் சேர்த்திருக்கிறது என்று டப்பாவில் போட்டிருக்கிறதே?

வைட்டமினும் இரும்பும் சேர்க்கலாம். உங்கள் உடம்பு இன்று காலை சுரந்ததை யாரால் டப்பாவில் அடைக்க முடியும்? மாட்டுப் பாலைச் சூடாக்கி, உலர்த்தி, பொடியாக்கும்போது ஹார்மோன்கள் பெரும்பாலும் நிலைப்பதில்லை.

இன்னொரு வித்தியாசம் புரதம். தாய்ப்பாலில் புரதம் ஏறக்குறைய ஒரு சதவீதம். மாட்டுப் பாலில் மூன்று சதவீதத்துக்கு மேல். ஜெர்மனி, பெல்ஜியம், இத்தாலி, போலந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் நடந்த ஓர் ஆய்வில், புரதம் கூடுதலான பவுடர் பால் குடித்த குழந்தைகள், புரதம் குறைவான பவுடர் பால் குடித்தவர்களைவிட ஆறு வயதிலும் பருமனாக இருந்தார்கள். அதிகப் புரதம் குழந்தையின் சொந்த இன்சுலினையும் வளர்ச்சிக் காரணியையும் தூண்டிவிடுகிறது என்பது விளக்கம். ஐந்தாம் கேள்வியில் வந்த கொழுகொழு குழந்தை பவுடர் பால் குடிக்கிறது என்றால், பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம்.

மருத்துவர் காரணத்தோடு எழுதிக் கொடுத்தால் கொடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம். இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான பால் பவுடரை விளம்பரம் செய்வதே நம் நாட்டில் 1992 சட்டப்படி குற்றம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

9. மாட்டுக்கு ஊசி போட்டுக் கறக்கிறார்கள். அந்தப் பாலால்தான் பெண் பிள்ளைகள் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்களாமே?

அந்த ஊசி ஆக்சிடோசின், மூன்றாம் கேள்வியில் பார்த்த அதே மதகு திறக்கிற ஹார்மோன். மாட்டை வதைத்து இப்படிக் கறப்பது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம். மாட்டுக்குச் செய்கிற கொடுமை என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

பூப்படைவதற்கும் அதற்கும் முடிச்சுப் போட முடியாது. ஆக்சிடோசின் பாலியல் ஹார்மோன் இல்லை. ஒன்பதே கண்ணி கொண்ட சின்னப் புரதத் துண்டு. இரத்தத்தில் சில நிமிடங்களில் அழிகிறது, வயிற்றில் போனால் செரிக்கிறது. பெண் பிள்ளைகள் முன்பைவிடச் சீக்கிரம் பூப்படைவதில் உடல் எடைக்குப் பெரிய பங்கு உண்டு. கொழுப்பு சேர்ந்தால் லெப்டின் கூடும், கையிருப்பு இருக்கிறது என்று மூளை தெரிந்துகொள்ளும்.

எப்படியானாலும் ஒரு வயது ஆகும்வரை மாட்டுப் பாலையோ எருமைப் பாலையோ முதன்மை உணவாக்க வேண்டாம். இரும்புச்சத்து மிகக் குறைவு, புரதமும் உப்பும் குழந்தையின் சிறுநீரகத்துக்குப் பாரம்.

10. பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். நான் சாப்பிட்டால் பாலில் வருமா?

பல்லடத்தில் கறிக்கோழி விலையும் நாமக்கல்லில் முட்டை விலையும் நிர்ணயமாகிற சீமையில் இருந்துகொண்டு இந்த வதந்தியை நாமே நம்புவது வேடிக்கை. கோழிப்பண்ணை வைத்திருக்கிற யாரையாவது கேளுங்கள். ஒரு கொட்டகையில் ஆயிரக்கணக்கில் கோழி. வளர்ச்சி ஹார்மோன் புரதம் என்பதால் தீவனத்தில் கலந்தால் செரித்துவிடும். வேலை செய்ய வேண்டுமானால் ஒவ்வொன்றாகப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஊசி போட வேண்டும். கட்டுப்படியாகிற காரியமா? ஐந்தாறு வாரத்தில் இரண்டு கிலோ வருவது, பல தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனத்தாலும் கணக்குப் போட்ட தீவனத்தாலும். கவலைப்பட வேண்டியது நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளைப் பற்றி; அது வேறு பேச்சு. நன்றாக வேகவைத்துச் சாப்பிடுங்கள். நாட்டுக்கோழிதான் வேண்டும் என்றால் அது உங்கள் நாக்கின் விருப்பம், ஹார்மோன் கணக்கு இல்லை.

11. திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பகலில் எடுத்துவைத்த பாலை இரவில் கொடுத்தால் குழந்தை தூங்காது என்கிறார்களே?

இதில் கொஞ்சம் உண்மை உண்டு. தூக்கத்துக்கான மெலடோனின் இரவுப் பாலில் இருக்கும், பகல் பாலில் ஏறக்குறைய இருக்காது. விழிப்புக்கும் மன அழுத்தத்துக்குமான கார்ட்டிசால் தலைகீழ், அதிகாலைப் பாலில் உச்சத்தில் இருக்கும். குழந்தைக்குச் சொந்தமாக இரவு பகல் தாளம் வர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதுவரை பால் வழியாகச் சேதி போகிறது என்று கருதுகிறார்கள்.

முடிந்தால் டப்பாவில் “காலை”, “இரவு” என்று துண்டுச்சீட்டு ஒட்டி அந்தந்த நேரத்தில் கொடுங்கள். முடியாவிட்டால் மாற்றிக் கொடுங்கள், பாலைக் கொட்டாதீர்கள். 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் நான்கு மணி நேரம், குளிர்சாதனப் பெட்டியின் உள்பக்கத்தில் நான்கு நாள் தாங்கும். நம் ஊர் சித்திரை வெயிலில் அறை வெப்பம் 25 டிகிரி என்பது கனவு. ஐஸ் பை வைத்த பெட்டியில் கொண்டுபோங்கள். சூடு காட்ட வெந்நீரில் டப்பாவை நிறுத்தி வைத்தால் போதும், அடுப்பில் கொதிக்கவிட வேண்டாம்.

முதல் இரண்டு குழந்தைகளுக்கு மகப்பேறு விடுப்பு 26 வாரம் என்பதும், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் இருக்க வேண்டும் என்பதும் 2017 முதல் சட்டம். கேட்டால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறார்கள். பயம் புரிகிறது. நான்கைந்து பேராகச் சேர்ந்து கேளுங்கள்.

12. கோபத்தில் இருக்கும்போது பால் கொடுத்தால் பால் விஷமாகும் என்கிறார் மாமியார்.

விஷமாகாது. கோபம், பயம், வலி வந்தால் அட்ரினலின் ஏறி ஆக்சிடோசினை மறிக்கும், மதகு திறக்கத் தயங்கும். குழந்தை இழுத்துப் பார்த்து வராமல் கத்தும். அதைப் பார்த்துத்தான் “பால் கெட்டுவிட்டது” என்று சொல்லியிருக்க வேண்டும். நாலு மூச்சு ஆழமாக இழுத்துவிட்டு, தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி போடுங்கள்.

தாயின் கார்ட்டிசால் பாலுக்குள் வருவதும் உண்மை. ரீசஸ் குரங்குகளில் நடந்த ஆய்வில், பாலில் கார்ட்டிசால் கூடியபோது குட்டிகள் வேகமாக எடை போட்டன, மிரளும் குணமும் கூடியது. மனிதக் குழந்தையிலும் அப்படியே நடக்கும் என்று முடிவு கட்ட முடியாது. மாமியாருக்கு நான் சொல்வது: பெற்றவளைக் கோபப்படுத்தாமல் இருப்பதும் பத்தியத்தில் சேர்த்திதான். வாரக்கணக்கில் அழுகையும் வெறுமையும் தொடர்ந்தால் அது மனச்சோர்வு, அதற்கு வைத்தியம் உண்டு, மறைக்காமல் சொல்லுங்கள்.

13. பத்தியச் சாப்பாடு, கருவாடு, பூண்டு, செலவு ரசம் இவையெல்லாம் பால் ஹார்மோனைக் கூட்டுமா?

செலவு ரசத்தின் வாசத்துக்கே எழுந்து உட்காரலாம். பிள்ளை பெற்ற உடம்புக்குச் சூடாக, காரசாரமாக ஒரு வாய் சோறு இறங்க அதைவிட வேறென்ன வேண்டும்? பால்சுறாக் கருவாட்டில் புரதம் இருக்கிறது. சாப்பிடுங்கள். ஆனால் சுரப்பைக் கூட்டுவது மார்பு காலியாவதுதான், மூன்றாம் பதில். தண்ணீர் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று தாகத்தோடு உட்கார வைப்பதை மட்டும் நிறுத்துங்கள்.

பால் சுரக்க மருந்துக்கடையில் மாத்திரை வாங்குகிறார்கள். டோம்பெரிடோன் புரோலாக்டினைக் கூட்டும், உண்மைதான்; சிலருக்கு இதயத் துடிப்பையும் குழப்பும். மருத்துவர் எழுதாமல் தொடவே கூடாது.

14. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறேன். பாலில் போய்க் குழந்தையைப் பாதிக்குமா?

பாதிக்காது, நிறுத்தாதீர்கள். தைராய்டு குறைவாக உள்ளவர்களுக்கு மாத்திரை இயல்பான அளவைத் திருப்பித் தருகிறது, அவ்வளவுதான். நிறுத்தினால் உங்கள் பால்தான் குறையும்.

தந்திரமான பகுதி ஒன்று உண்டு. பாலில் தைராய்டு ஹார்மோன் இருக்கிறதே, குழந்தைக்குப் பிறவியிலேயே குறைபாடு இருந்தால் அது ஈடு கட்டிவிடாதா என்று படித்த பெண் ஒருத்தி கேட்டாள். கட்டாது. அளவு போதாது. அதனால்தான் பிறந்த சில நாட்களில் குதிகாலில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். குறைபாட்டைத் தாமதமாகக் கண்டுபிடித்தால் மூளை வளர்ச்சி பாதிக்கும். அந்தப் பரிசோதனை ஆனதா என்று கேட்டு வாங்குங்கள்.

15. கர்ப்பத்தில் சர்க்கரை வந்தது, இன்சுலின் போடுகிறேன். குழந்தைக்குச் சர்க்கரை இறங்கிவிடாதா?

பால் வழியாக இறங்காது. இன்சுலின் எல்லாத் தாய்களின் பாலிலும் இருக்கிறது, ஏறக்குறைய இரத்தத்தில் உள்ள அளவுக்கு. இரண்டாம் பதிலில் சொன்னபடி அது குடலில் வேலை செய்கிறது. மெட்ஃபார்மின் மாத்திரையும் பாலில் மிகக் கொஞ்சமே வருகிறது.

இத்தகைய தாய்களின் குழந்தைகளுக்குப் பிறந்த முதல் சில மணி நேரத்தில் சர்க்கரை இறங்கலாம்தான். அது கருப்பையில் தாயின் சர்க்கரைக்கு ஈடுகொடுத்துக் குழந்தையின் கணையம் அதிகம் சுரந்து பழகியதால். அதற்கு முதல் மருந்தே சீக்கிரம் கொடுக்கிற சீம்பால். கவனிக்க வேண்டியது உங்களை: பால் கொடுக்கக் கொடுக்க உங்களுக்குத்தான் சர்க்கரை இறங்கும். இரவில் கைக்கெட்டும் இடத்தில் இரண்டு இட்லியோ பழமோ வைத்துக்கொள்ளுங்கள்.

16. கருத்தடை மாத்திரை, ஊசி போட்டால் பால் வற்றிவிடுமா? மறுபடி உண்டானால்?

ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை பாலைக் குறைக்கும். அரசு தருகிற மாலா-என் அந்த வகை. ஆறு மாதம்வரை வேண்டாம். அந்தரா ஊசி புரோஜெஸ்டிரோன் வகை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை, பிரசவமாகி ஆறு வாரத்துக்குப்பின் போடலாம். சாயா மாத்திரையில் ஹார்மோனே இல்லை. காப்பர்-டியிலும் இல்லை. ஆறு மாதத்துக்குள், தாய்ப்பால் மட்டும் கொடுத்து, மாதவிலக்கும் திரும்பாதிருந்தால் அதுவே 98 சதவீதம் பாதுகாப்பு. மூன்றில் ஒன்று தவறினாலும் கணக்குத் தவறும்.

மறுபடி உண்டானால் பால் விஷமாகாது. கர்ப்ப ஹார்மோனால் அளவு குறையும், சுவை சற்று உப்பாகும். சில குழந்தைகள் தாமே விலகிக்கொள்ளும்.

17. பிறந்து ஐந்து நாள். பையனுக்கு மார்பு வீங்கி, தொட்டால் பால் வருகிறது. என் பால் ஹார்மோனாலா?

பாலால் இல்லை, கருப்பையில் இருந்தபோது நஞ்சுக்கொடி வழியாகப் போன உங்கள் ஹார்மோனால். பெண் குழந்தைக்கு முதல் வாரத்தில் ஒன்றிரண்டு சொட்டு இரத்தம் படுவதும் இதனால்தான். சில வாரங்களில் தானாக வடியும்.

பிதுக்கவே பிதுக்காதீர்கள். அம்மிச்சி ஒருவர் எண்ணெய் தடவி மூன்று நாள் பிதுக்கியதில் சீழ் கட்டி, இருபது நாள் குழந்தையை அறுவை அறைக்குள் அனுப்ப வேண்டியதாயிற்று. அந்தப் பெரியவரைத் திட்ட மனம் வரவில்லை. அவர் பிள்ளைகளுக்கும் அப்படித்தான் செய்திருந்தார்.

18. எட்டாம் மாதத்திலேயே பிறந்துவிட்டது. என் பாலும் முதிராத பால்தானே?

நேர்மாறு. குறைமாதத்தில் பெற்றவர்களின் பாலில் புரதமும், நான்காம் பதிலில் வந்த குடல் வளர்ச்சிக் காரணியும் கூடுதலாக இருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்கின்றன. உறிஞ்சத் தெரியாவிட்டால் கையால் பீய்ச்சிப் பாலாடை என்கிற மூக்குக் கிண்ணத்தில் கொடுங்கள். மார்போடு அணைத்துக் கங்காரு முறையில் வைத்துக்கொள்ளுங்கள். பால் வரத் தாமதமானால் பெரிய அரசு மருத்துவமனைகளில் தாய்ப்பால் வங்கி உண்டா என்று விசாரியுங்கள். அங்கே பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்குவதால் ஹார்மோன்கள் ஓரளவு குறையும். அப்படியும் சிறு குடலுக்குப் பவுடரைவிட அது மேல்.

19. பாலைப் பரிசோதனைக்குக் கொடுத்து ஹார்மோன் அளவு பார்க்க முடியுமா?

ஆராய்ச்சிக்கூடங்களில் அளக்கிறார்கள். வீட்டுக்கு அதனால் பயனில்லை. காலையில் ஓர் அளவு, இரவில் ஓர் அளவு. முதல் வாரம் ஒன்று, நாலாம் மாதம் வேறு. இதுதான் சரியான அளவு என்று மருத்துவர் ஒப்பிட்டுச் சொல்ல அட்டவணை கிடையாது. கூடுதலோ குறைவோ வந்தால் தருவதற்கு மருந்தும் கிடையாது. அந்தப் பணத்துக்கு முட்டையும் கீரையும் வாங்கி நீங்கள் சாப்பிடுங்கள். புதன்கிழமை காலை ஒன்பது மணிக்குமேல் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், எடை போட்டுப் பார்ப்போம். அரைஞாண் கொடியை வீட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள்.